தரைக்கும் இடுப்புக்கும் நடுவே

ஒரு பனியன் உருவாவதற்குள் அதன் துணியை எத்தனையோ தோள்கள் சுமந்துவிடுகின்றன. திருப்பூரில் நிட்டிங் ஒரு தெருவில், சாயப்பட்டறை ஊருக்கு வெளியே, காம்பேக்டிங் இன்னொரு பக்கம், கட்டிங்கும் தையலும் வேறோர் இடம். நூல் மூட்டையாக வந்தது ரோலாகி, கடைசியில் அட்டைப்பெட்டியாகித் தூத்துக்குடிக்கு லாரி ஏறும்வரை, ஒவ்வொரு வாசலிலும் ஒரு லோடுமேன் குனிந்து நிமிர்கிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், நிதானமாகத் தூக்கவும் அவருக்கு வழியில்லை.

காயம் உண்டாக்கும் அளவுக்குக் கனமானதை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அந்தக் கனத்தை விதிகள் கிலோவில் அளக்கின்றன. முதுகெலும்பின் கணக்கு வேறு. அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் சுமை உடலை ஒட்டி, தொங்கும் கையின் உயரத்தில், முறுக்காமல் எடுக்கும்படி இருந்தால்தான். தரையில் கிடந்தால் குறையும். எட்டி எடுத்தால் குறையும். டெம்போ பக்கம் இடுப்பைத் திருப்பினால் இன்னும் குறையும்.

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பிசியோதெரபிஸ்டுக்கு அதே நிறுவனத்தின் ஆய்வாளர் சொன்ன வரம்பு சுமார் 16 கிலோதான். மனித உடம்புக்குக் கைப்பிடி கிடையாது. அது திடீரென்று சரியும். மூட்டையென்றால் கீழே போட்டுவிடலாம், நோயாளியை விட முடியுமா? முதுகுவலிக்கு மருத்துவம் பார்ப்பவருக்கே முதுகு போவது இப்படித்தான்.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. நட்டு நிறுத்திய இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று. தலைச்சுமையைக் குனியாமல் இறக்கலாம்; ஏற்றிவிட ஆள் தேடாமல் திரும்ப எடுக்கலாம். அந்தக் கல் சுமையில் ஒரு பலம்கூடக் குறைக்கவில்லை. தரையைத்தான் மனிதனின் உயரத்துக்குக் கொண்டுவந்தது. சுமப்பவனின் வேதனையில் பெரும்பங்கு, சுமை வைக்கப்படும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதை அதை நட்டவர்கள் அறிந்திருந்தார்கள்.

நாமோ ரோலைத் தரையில் தள்ளிவிட்டு, முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்லி லோடுமேனுக்குப் பாடம் எடுக்கிறோம். பாடம் தேவைதான். ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் எத்தனை கிலோ தூக்குறீங்க என்று கேட்கும்போதே, எங்கிருந்து தூக்குறீங்க, அங்கே அதைப் போடச் சொன்னது யார் என்றும் கேட்டாக வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி.