வேலி இல்லாத வளவு



கோடை வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ரொறொன்ரோவிலும் அயல் நகரங்களிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கூடாரத்தை வெளியே எடுத்து, கம்பியும் கயிறும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அல்கோன்குயின், கில்லார்னி என்று ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களுக்குக் காம்பிங் போவது எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஊர்த் திருவிழா போல ஆகிவிட்டது. மிக நல்ல விஷயம். இன்றைய சிந்தனை, அங்கே எங்களுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கும் அந்த முகம் தெரியாத மனிதரைப் பற்றியது.

ஊரில் எங்கள் வளவுக்கு வேலி இருந்தது. வேலிக்கு ஒரு படலை இருந்தது. எவ்வளவு நெருங்கிய சொந்தமென்றாலும் படலையில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பூங்காவில் எங்களுக்குத் தரப்படும் இடமும் ஒரு வளவுதான். ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இடம், கார் நிறுத்தக் கொஞ்ச நிலம், இலக்கம் எழுதிய ஒரு கம்பம். வேலி மட்டும் கிடையாது. நடுவில் நிற்பவை சில மரங்கள்தான். அதனால் வேலி செய்ய வேண்டிய வேலையை அங்கே மனிதர்களே செய்ய வேண்டியிருக்கிறது.

காம்பிங் போய்ப் பழகியவர்கள் முதலில் சொல்லும் பாடம் இதுதான்: இன்னொருவர் இடத்துக்குக் குறுக்கே நடக்காதீர்கள். ஏரிக்கோ கழிப்பறைக்கோ அது குறுக்கு வழியாக இருக்கலாம். இரண்டு நிமிடம் மிச்சமாகலாம். ஆனால் அந்த நேரத்தில் அங்கே ஒரு தாய் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் உடுப்பு மாற்றிவிட்டுக் கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வருவார். அவருக்கு அது வீடு. பிள்ளைகளுக்கு முதல் நாளே, சைக்கிளை எடுக்க விடுவதற்கு முன்பே, எங்கள் இடம் எங்கே முடிகிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.

அந்த வீட்டுக்கு அவர் எவ்வளவு காத்திருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில், வரும் நாளுக்கு 5 மாதங்கள் முன்பே பதிவு தொடங்கிவிடும். காலை 7 மணிக்குத் திறக்கும். யூலை மாதத்தில் ஒரு நல்ல இடம் வேண்டுமென்றால், பெப்ரவரிக் குளிரில் விடியற்காலை எழுந்து கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும். உங்கள் பக்கத்து இடத்துக்காரரும் அப்படி உட்கார்ந்தவராக இருக்கலாம். வருடம் முழுவதும் இரவு வேலை செய்துவிட்டு, கிடைத்த 3 நாள் விடுமுறையை இந்த மரங்களுக்குக் கீழே கழிக்க வந்தவராக இருக்கலாம்.

காட்டில் இரவுச் சத்தம் நகரத்துச் சத்தம் போன்றதல்ல. ஏரிக்கரையில் மாலை இறங்கியதும், தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்று சூடாகவே இருக்கும். மேலே போகும் ஒலியை அந்தச் சூடான காற்று கீழ்நோக்கி வளைத்துவிடுகிறது. அதனால்தான் அக்கரையில் யாரோ சிரிப்பது இக்கரையில் தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் மெதுவாகத்தான் பாட்டுப் போட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஏரிக்கு அப்பால் இருப்பவருக்கு அந்தப் பாட்டின் வரிகூட விளங்கும். இரவில் மட்டுமல்ல, பகலிலும் எந்த நேரத்திலும் அளவுக்கு மீறிச் சத்தம் போடுவது இந்தப் பூங்காக்களில் குற்றம். சில பூங்காக்களில் வானொலியே போடக்கூடாத பகுதிகள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வானொலியில் பேசுகிற நான் மனமார அதை ஆதரிக்கிறேன்.

ஒளியும் அப்படித்தான். கில்லார்னி பூங்கா 2018ஆம் ஆண்டு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வருபவர்களில் பலர் பால்வீதியைப் பார்க்க வருகிறார்கள். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பளிச்சென்று ஒரு ரோர்ச் வெளிச்சம் முகத்தில் பட்டால் போதும், அந்த அரை மணி நேரம் போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிச்சத்தை நிலத்தை நோக்கிப் பிடியுங்கள். இரவில் பிந்தி வந்து சேர்ந்தால் காரின் முன்விளக்கை விரைவில் அணையுங்கள். கார்க் கதவை மெல்லச் சாத்துங்கள். மேளம் அடித்தாற்போலக் கதவு மூடும் சத்தத்துக்குப் பத்துக் கூடாரங்கள் விழித்துக்கொள்ளும்.

சாப்பாடும் அயலவரோடு சம்பந்தப்பட்ட விஷயம்தான். எங்கள் சமையல் வாசனை நல்ல வாசனை. அதைக் கருங்கரடியும் விரும்பும். இரவில் கழுவாத பாத்திரத்தையும் குளிர்ப்பெட்டியையும் மேசையில் விட்டுவிட்டுப் படுத்தால், வருகிற கரடி எங்கள் இடத்தோடு நிற்காது. பக்கத்துக் கூடாரத்தையும் தேடிப் போகும். மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிவிட்ட கரடிக்கு, கடைசியில் தன் உயிரையே இழக்க நேரிடுகிறது. சாப்பாட்டுச் சாமான் அனைத்தையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். குப்பையை அன்றன்றே உரிய இடத்தில் போடுங்கள்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து விறகு கொண்டு போகாதீர்கள். 2002ஆம் ஆண்டு வின்சர், டிற்ரோயிற் பக்கத்தில் பச்சை நிறத்தில் மின்னும் ஒரு சிறிய வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆஷ் மரத்தின் பட்டைக்குள் குடைந்து வாழும் அந்தப் பூச்சி, விறகோடு விறகாகப் பயணம் செய்து, வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான மரங்களைச் சாகடித்துவிட்டது. பூங்காவுக்குக் கிட்ட விறகு வாங்குங்கள். இன்று பக்கத்தில் இருப்பவரோடு, இருபது வருடம் கழித்து அதே நிழலைத் தேடி வரப்போகிறவரும் எங்கள் அயலவர்தான்.

கூட்டமாகப் போவது எங்களுக்குப் பிடிக்கும். நான்கு குடும்பம், ஐந்து குடும்பம் சேர்ந்து சமைத்து, பாடி, கதைத்து மகிழ்வது எங்களிடம் இருக்கிற அருமையான பழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு சாதாரண இடத்தில் பொதுவாக 6 பேருக்குத்தான் அனுமதி. பல பூங்காக்களில் கூட்டமாக வருபவர்களுக்கென்றே தள்ளி அமைத்த பெரிய இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் மகிழ்ச்சியும் குறையாது, மற்றவர் தூக்கமும் கெடாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா, இத்தனை பேர் கூடும் இடத்தில் அமைதி கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு அல்கோன்குயினில் ஒரு பதில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஓகஸ்ட் மாதத்தில் ஓநாய்களின் ஊளையைக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று நடந்து வருகிறது. முதல் நாள் இரவு பூங்கா ஊழியர்கள் ஓநாய்க் கூட்டம் ஒன்று சாலைக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தால்தான் வியாழக்கிழமை இரவு நிகழ்ச்சி நடக்கும். ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். 60ஆம் நெடுஞ்சாலையோரம் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கி நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளும் நிற்பார்கள். ஊழியர்கள் ஓநாயைப் போல ஊளையிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஒருவரும் பேசமாட்டார்கள். பதில் வந்தால் அத்தனை பேரும் கேட்பார்கள். ஒருவர் இருமினாலும் அத்தனை பேரும் இழப்பார்கள்.

நேயர்களே, அந்த அமைதி காட்டில் தானாகக் கிடந்ததல்ல. ஆயிரம் பேர் சேர்ந்து உண்டாக்கியது. ஒவ்வொருவரும் தம் பங்குக்குக் கொஞ்சம் அடக்கத்தைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் முழு இரவும் கிடைத்தது. கூடாரங்கள் நிறைந்த ஒவ்வொரு பூங்காவிலும், ஒவ்வொரு நாளும், இதே காரியம்தான் சிறிய அளவில் நடக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள எங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஊரில் போர் நடந்த காலத்தில் செல் விழும் சத்தத்துக்குப் பயந்து பதுங்கு குழிக்குள் விழித்திருந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். பொழுது விடியும்வரை ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பாக்கியத்தை இந்த நாட்டில் நாங்கள் அனுபவிக்கிறோம். அதை அடுத்தவருக்கும் கொடுப்பதில் நாங்களே முன்னுக்கு நிற்க வேண்டும்.

இந்தக் கோடையில் காட்டுக்குப் போகிறவர்கள், போய்ச் சேர்ந்ததும் பக்கத்து இடத்தாருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கச் சிரமப்படுகிறார் என்றால் இறங்கி உதவி செய்யுங்கள். பிறகு அவரை அவர் பாட்டில் விட்டுவிடுங்கள். கிளம்பும் நாளில் நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் கைக்குக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இதையெல்லாம் உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்றவரின் இடத்தை மதிக்கக் கற்ற பிள்ளை, நாளைக்கு எந்த ஊரில் குடியேறினாலும் நல்ல அயலவராக வாழும்.

உங்கள் பயணங்கள் இனிதாக அமையட்டும்.