முன்னால் போகிறவன்

ஒற்றையடிப் பாதையில் இருவர் தோளோடு தோளாக நடக்க முடியாது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று வெள்ளகெவி இறக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி, வெள்ளகெவி வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு இறங்குகிற பாதை. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளிக்கு. மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானல் போனவர்கள் காலால்தான் ஏறினார்கள். துரைமார்களை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

தம்பியோடு போயிருந்தேன். அப்பா காலமானபின் வீட்டைப் பாகம் பிரித்ததில் எங்களுக்குள் ஒரு விரிசல். நாலு வருஷமாகக் கல்யாண வீடுகளில் ‘சாப்பிட்டாச்சா’ என்பதோடு சரி. அவன் முன்னால் நடந்தான். சோலைக்காட்டுக்குள் வழியெல்லாம் வேர். மண் கரைந்துபோய் வேர்தான் படி. எத்தனை தலைமுறைக் கால்கள் மிதித்தனவோ, அதன் மேற்பக்கம் பழைய வீட்டுத் திண்ணை விளிம்பு மாதிரி வழவழத்துக் கிடந்தது. அதில் கால் வைக்கும்போது வாய் தானாக மூடிக்கொள்கிறது. அங்கே பேசாமலிருப்பது மனஸ்தாபம் இல்லை, ஜாக்கிரதை.

ஒரு பாறையைச் சுற்றி இறங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “அம்மாவோட அம்மிக்கல்ல நான் எடுத்திருக்கக் கூடாதுண்ணே.”

எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்கும். அதைப் பார்த்து அவன் பாதியில் நிறுத்தியிருப்பான். முன்னால் போகிறவனுக்குக் கேட்பவன் முகம் தெரியாது.

“பாத்துப் போடா, அந்தக் கல்லு ஆடுது” என்றேன்.

வெள்ளகெவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நாங்களும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டோம். அதுவரை கண்ணால் பார்த்த மண்ணை அப்போதுதான் பாதம் பார்த்தது: முதலில் குளிர்ச்சி, பிறகு சரளை, பிறகு எங்கிருந்தோ விழுந்த காப்பிப் பழத்தின் பிசுபிசுப்பு. இந்த இன்பத்தை வரக்காப்பி கொடுத்த பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். “உங்களுக்குப் பொழுதுபோக்கு சார். ஒடம்புக்கு முடியலன்னா இதே பாதையிலதான் டோலி கட்டித் தூக்கணும்” என்றார். அரிசி மூட்டையும் குதிரை முதுகில்தான் வருகிறதாம். அவர்கள் சாலை கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கத்தான் வேண்டும். நான் பாதையின் அழகை எழுதுவதே, கூப்பிட்டால் வாசலுக்கு ஆட்டோ வருகிற தெருவில் உட்கார்ந்துகொண்டுதான்.

ஆனாலும் ஒன்று. சாலையை ஒருமுறை போட்டுவிட்டால் ஆளில்லாமலும் கிடக்கும். ஒற்றையடிப் பாதைக்குத் தினம் யாராவது நடந்தாக வேண்டும். மிதிபட்டு இறுகிய மண்ணில்தான் புல் தயங்குகிறது. கால் நின்றால் உண்ணிச்செடி இரண்டு பக்கமும் கை நீட்டி, சில மழைக்காலங்களில் வழியை மூடிவிடும். நாலு வருஷத்தில் எது எது மூடிப்போகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

வெள்ளகெவிக்குக் கீழே வெயில் ஏறியது. சோலை போய் முள்ளும் புதரும் வந்தன. முழங்கால்கள் நடுங்கின. இறக்கம்தான் சுலபம் என்று யார் சொன்னார்களோ.

கும்பக்கரையை நெருங்கும்போது பாதை அகன்று வண்டித்தடமானது. தம்பி நடையைத் தளர்த்தி என் பக்கத்தில் வந்தான். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும், ஷூ கயிற்றைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்து, என்னை முன்னால் போகவிட்டான்.