கண்டதை வரையும் உரிமை

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், நடுவே கதிர் விரிக்கும் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசையும் தென்னையும். கடலோரப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் இதையே வரைவதுண்டு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளையும் இதையே வரையும்போதுதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. அப்பிள்ளை மலையின் மேலேயே பிறந்து வளர்கிறது. வெள்ளிமலையைச் சுற்றிலும் அது அன்றாடம் காண்பவை நீண்டு சரியும் முகடுகளும், சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகளுமே. கண்ட மலையை விட்டுக் காணாத மலையை அது ஏன் வரைகிறது? கரும்பலகையில் இருந்தது அதுவே. மதிப்பெண் பெற்றதும் அதுவே.

இதைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. வாய்மை நாவுக்கு மட்டும் உரியதன்று. கண்டதைக் கண்டபடி காட்டுவதும் வாய்மையே. 'உன் கண் கண்டதைவிடப் பலகையில் உள்ளதே சரி' என்று ஆறு வயதில் பழக்கப்பட்டவர், வளர்ந்தபின் ஊரே ஒன்றைச் சொல்லும்போது, தாம் கண்டது வேறு என்று துணிந்து சாட்சி சொல்வாரா?

கலை என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய நேரிய அறிவு என்று புனித தோமா அக்குவினாஸ் விளக்கினார். கைவினை, கையின் பழக்கம் மட்டுமன்று. அது அறிவின் செயல் என்பது இதன் பொருள். அப்படியானால், பலகையைப் பார்த்து நகல் எடுக்கும் பிள்ளையிடம் செயல்படுவது யாருடைய அறிவு? ஆசிரியருடையது. பிள்ளை தன் கையை மட்டுமே இரவல் தருகிறது.

இங்கே நியாயமான மறுப்பொன்று எழும். 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையும் பார்த்துச் செய்தே பழகும் கலையன்றோ? ஆசானின் வரைவையும் மரபின் அளவுகளையும் பின்பற்றியே மாணாக்கர் கற்கிறார். நகல் எடுத்தல் அங்கே நன்றெனில் பள்ளியில் மட்டும் தீதாவது எவ்வாறு?

வேறுபாடு மரத்தில் இருக்கிறது. தேக்குக்கும் வாகைக்கும் வெவ்வேறு இழையோட்டம் உண்டு. இழைக்கு எதிராக உளி சென்றால் மரம் பிளந்துவிடும். ஆசான் வாய் திறக்குமுன் மரமே மாணாக்கரைத் திருத்துகிறது. அளவு ஏன் அவ்வளவு என்பதையும் கை மெல்ல உணர்ந்துகொள்கிறது. அங்கே நகல், பொருளை நோக்கிச் செல்லும் வழி. பள்ளிச் சித்திரத்திலோ நகல் பொருளின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. திருத்துவதற்கு மலையும் இல்லை, மரமும் இல்லை. சிவப்பு மை மட்டுமே இருக்கிறது. எனவே கட்டுப்பாடே கூடாது என்பதும் தீர்வாகாது. பிள்ளைக்கு வேண்டியது மெய்ப்பொருள் தரும் கட்டுப்பாடு.

'எழுதப் படிக்கவே தடுமாறும் ஏழைப் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு?' என்பாரும் உளர். எழுத்துக்கு முன்பே சித்திரம் கற்பிக்கப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த கல்வித் திட்டத்தின் நடுவிலும் கைத்தொழிலே நின்றது. எழுத்தும் ஒரு கோட்டு வடிவந்தானே! வளைவையும் சுழியையும் கண்டு பிரித்தறியாத பிள்ளை 'ன'வையும் 'ண'வையும் எங்ஙனம் பிரித்தறியும்?

இதில் நீதியின் கேள்வியும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் பள்ளிகளில், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கலைக் கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரைக் கோருகிறது. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு அதில் இல்லை. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தித் தம் பிள்ளைகளைச் சித்திர வகுப்புக்கு அனுப்புகின்றனர். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு வகுப்பாசிரியரை விட்டால் வேறு யார்?

அவ்வாசிரியர் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வேப்பிலையைக் கையில் தந்து, "இதன் ஓரம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் போதும். ஐந்து புளியங்கொட்டைகள் சிந்தாமல் இருக்க ஒரு கிண்ணத்தைக் களிமண்ணில் செய்யச் சொல்லலாம். கிண்ணம் விரிசல் விட்டால் ஏன் என்று பிள்ளையே ஆராயட்டும். சோளத்தட்டையில் வண்டி செய்தால் சக்கரம் சுழலவேண்டும். சுழலாவிடில் மீண்டும் செய்யட்டும். வடிவமைப்பு என்னும் பெரிய சொல்லின் தொடக்கப் பாடம் இதுவே. இதற்குப் பெருஞ்செலவு இல்லை, பொறுமைதான் செலவு.

பெற்றோராகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. பங்குத் திருவிழா ஓவியப் போட்டிகளில், வீட்டில் பெரியவர் கைபட்ட படம் பரிசு பெறுவதைக் காண்கிறோம். பிள்ளையின் கோணலான கோட்டை நேராக்கும்முன் "நீ என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அது சொல்லும் விடையை இறுதிவரை செவிமடுங்கள். கோட்டைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். தன் கண்மீது இழந்த நம்பிக்கையைத் திருப்பித் தருவது அவ்வளவு எளிதன்று.