மயக்கமும் உயிரும்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரத்துப் பொது வைத்தியசாலையில், மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியை முகரச் செய்து ஒருவனது கழுத்துக் கட்டியை அறுப்பதற்குத் துணைநின்றது முதற்கொண்டு, வேதாந்திகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த சுஷுப்தி என்னும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அருகே, அதனை ஒத்தும் ஒவ்வாமலும் வேறோர் அவஸ்தை வந்து நிற்கிறது. விழித்தவன் தான் சுகமாக உறங்கியதாகச் சொல்வதைக் கொண்டு, உறக்கத்திலும் சாட்சி ஒன்று இருந்ததென அவர்கள் சாதிப்பார்கள். மயக்கம் தெளிந்தவனோ பெரும்பாலும் காலம் கழிந்ததையே அறியாமல், சிகிச்சை இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்கிறான். ஆதலின் அந்த வாதத்தை அறுவை மேசைவரை நீட்டுவது பொருந்தாது என்பதே என் எண்ணம்.

அபினி இனத்து மருந்துகள் இம்மயக்கத்தில் சேரும்போது விஷயம் இன்னும் நுட்பமாகிறது. ஃபென்டனில் போன்றதொன்றை அளவோடு கொடுத்தால், கத்தி பட்டும் உடல் துள்ளாதிருப்பதற்கு வேண்டிய ஆவியின் செறிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அறிவு திரும்புவதற்குரிய செறிவோ சிறிதே மாறுகிறது. ஆவியைப் பொறுத்தவரை, உடலின் துள்ளலை அடக்குவது பெரும்பாலும் தண்டுவடத்தில் நிகழ்வது, அறிவை மறைப்பது மூளையில் நிகழ்வது என்று ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். ஆவி குறைவாகவே செலுத்தப்பட்டமையால் விழிப்பு விரைந்து வரவேண்டும். ஆயினும் அபினிச் சத்து மிகுந்தால் மூச்சு மந்தப்பட்டு, நுரையீரல் வழியே நீங்கவேண்டிய ஆவி உள்ளேயே தங்கி, அதே விழிப்பைத் தாமதப்படுத்தவும் கூடும்.

சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்டார், உறக்கத்தில் பிராணவாயு இயங்கியும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையைக் காட்டி, பிராணன் வேறு, ஆன்மா வேறு என்று நிறுவுகிறார். பிறர் அறிவிக்க அறிவது ஆன்மாவின் இயல்பு என்றும் அங்கேயே கூறுகிறார். அபினி மருந்தின் வசத்தில் கண் விழித்த நோயாளியிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பெயர் சொல்லி அழைத்தால் பதில் சொல்லுகிறான், நோவும் இல்லை. ஆனால் தனியே விட்டால் மூச்சுவிட மறந்தவன்போல் கிடக்கிறான். “மூச்சை இழுத்து விடுங்கள், ஐயா” என்று செவிலி சொன்னால் உடனே இழுத்து விடுகிறான். உறக்கத்தில் அறிவு ஒடுங்க மூச்சு ஓடியது. இங்கே அறிவு எழுந்தும் மூச்சு தயங்குகிறது. அதனையும் ஒருவர் உணர்த்தவேண்டியிருக்கிறது.

பிராணனே ஆன்மா என்பாரை மறுப்பதற்கு இது நல்ல சான்று. உடலின் வேறாக ஆன்மா உண்டு என்பதை நிறுவ இது போதாது.