பிழை பொறுக்கக் கேட்டல்



பிறர் செய்த பிழையைப் பொறுத்தல் பெரும் புண்ணியமென்று நம்முடைய நூல்கள் யாவும் ஒருமுகமாகக் கூறுகின்றன. திருவள்ளுவ நாயனார் பொறையுடைமைக்கென்று ஓரதிகாரமே வகுத்தருளினார். அதனை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகின்றோம். ஆயின், தாம் செய்த பிழையைப் பொறுக்கும்படி பிறரிடத்திலே சென்று கேட்டல் என்னும் மற்றொரு தருமமும் உண்டு. இது முன்னையதினும் அரியது. பொறுப்பவன் மேலே நிற்கின்றான். கேட்பவனோ கீழே நிற்றல் வேண்டும். மேலே நின்று பழகியவர்களாகிய உபாத்தியாயர்களுக்குக் கீழே நிற்றல் எத்துணைக் கடினமென்பதை யாம் எமது அநுபவத்தாலே அறிந்தோம். அறிந்தவாறே இங்கு எழுதத் துணிந்தோம்.

ஏயர்கோன் கலிக்காம நாயனாருடைய சரித்திரத்தை யாம் சிறுபிராயந் தொட்டுக் கேட்டு வருகின்றோம். குருபூசைத் தினங்களிலே பலமுறை அதனைப் பிரசங்கித்துமிருக்கின்றோம். சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணந்தமை கேட்டுப் பரவையார் ஊடினார். அவ்வூடலைத் தீர்க்கும்பொருட்டுச் சுந்தரர் இறைவரையே தூதனுப்பினார். இறைவரும் நள்ளிரவிலே திருவாரூர் வீதியிலே ஒருமுறையன்று, இருமுறை நடந்தருளினார். இதனைக் கேள்வியுற்ற கலிக்காமர், ஆண்டவனை அடிமை ஏவுவதா என்று நெஞ்சு கொதித்து, அவரை எதிர்ப்படின் என்னாகுமோ என்று சீறினார். சுந்தரர் அதனைக் கேட்டுத் தம்முடைய பிழையை உடன்பட்டு, இறைவரிடத்திலே விண்ணப்பஞ் செய்தார்.

இதுவரை நாம் எல்லோரும் சொல்வோம். இனி வருவதன்மேலே யாம் நெடுங்காலம் கருத்து வைத்தோமில்லை. சுந்தரர் தம் பிழையை உணர்ந்தார். உணர்ந்து சந்நிதியிலே முறையிட்டார். நம்மில் ஒருவர் இவ்வளவு செய்தாராயின், அத்துடன் காரியம் முடிந்ததென்று வீடு திரும்பியிருப்பார். இறைவர் அவ்வாறு விட்டாரில்லை. கலிக்காமருக்குச் சூலைநோயைக் கொடுத்து, இது வன்றொண்டன் தீர்த்தாலன்றித் தீராதென்று அருளிச்செய்தார். நோயைக் கொடுத்தவர்க்கு அதனைத் தீர்த்தல் அரிதோ? அரிதன்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும்படி செய்தலே அவர் திருவுளம். சுந்தரர் முறையிட்டது சந்நிதியிலே. இறைவர் அவரை அனுப்பியதோ பெருமங்கலத்துக்கு, தம்மை வெறுத்திருக்கும் மனிதருடைய வீட்டுக்கு.

அப்பாலும் அது எளிதாய் முடிந்ததா? வன்றொண்டர் வருகின்றார் என்று கேட்டவுடனே, அவர் தீர்க்க நான் உய்வதோ என்று கலிக்காமர் உடைவாளாலே தம் வயிற்றைக் கிழித்து உயிர் துறந்தார். அவர் மனைவியாரும் உடன்செல்லத் துணிந்தார். துணிந்தவர், வருகின்றவர் அடியார் என்று எண்ணி, அழுகையை நிறுத்தும்படி ஏவி, அவரை எதிர்கொள்ளச் செய்தார். (அவ்வம்மையாருடைய திண்மையைப் பற்றித் தனியே ஒரு பிரசங்கம் செய்யலாம், நேரஞ் சென்றுவிடுமென்று நாம் அவரை இரண்டு வாக்கியத்திலே கடந்துபோய்விடுகின்றோம்.) சுந்தரர் உள்ளே புகுந்து, குடர் சொரியக் கிடந்த உடலைக் கண்டார். யானும் இவர்போலாவேன் என்று அவ்வாளையே பற்றினார். அப்பொழுது திருவருளினாலே கலிக்காமர் உயிர்பெற்றெழுந்து வாளைப் பிடித்துக்கொண்டார். சுந்தரர் அவர் காலிலே வீழ்ந்தார்; அவரும் வாளை விட்டெறிந்து சுந்தரர் காலிலே வீழ்ந்தார். பின்னர் இருவரும் தழுவிக்கொண்டு திருப்புன்கூர் சென்று வணங்கினர். இருவர் ஒருவர்காலில் ஒருவர் வீழ்ந்த அவ்விடத்திலே பிழை யாருடையது என்று கேட்க ஒருவரும் இல்லை.

இச்சரித்திரத்தை யாம் பிரசங்கித்துக்கொண்டிருந்த அக்காலத்திலேயே எமது வாழ்க்கையிலே நிகழ்ந்த ஒன்றை இனிச் சொல்லுகின்றோம்.

1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. அதன் பின்னர் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. கண்ணாடிப் போத்தலினுள்ளே சிறிது பஞ்சும், அப்பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெயும் இட்டுத் திரியேற்றிய ‘ஜாம் போத்தல்’ விளக்குக்களின் முன்னே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்தனர். யாம் ஆசிரியத் தொழிலிலே புகுந்து மூன்றாண்டு ஆகாத காலம் அது. இளமையும், கற்றோம் என்னும் செருக்கும் ஒருங்கே இருந்தன. வலிகாமத்திலே ஒரு சிற்றூர்ப் பாடசாலையிலே படிப்பித்தோம். எமது வகுப்பிலே ஒரு மாணவன், தந்தை இல்லாதவன், கையெழுத்து அழகியது, வினாவுவதிலே பெருவிருப்புடையவன். அவன் தொடர்ந்து மூன்று நாள் வீட்டுவேலை செய்யாது வந்தான். முதனாள் விட்டோம், இரண்டாம் நாள் எச்சரித்தோம். மூன்றாம் நாள் வகுப்பெல்லாங் கேட்க, “உங்கள் வீட்டிலே படிப்பின் அருமை யாருக்குத் தெரியும்?” என்றோம். அவன் எழுந்து நின்றபடியே நின்றான். ஒன்றுஞ் சொல்லவில்லை. அவன் எழுதாது வந்த பாடம் எதுவென்று கேட்பீர்களாயின், இனியவைகூறல் என்னும் அதிகாரத்துக்குப் பொருள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ்வூர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனபொழுது ஐயர் வேறேதோ பேச்சினிடையே சொன்னார்: “இந்தக் கிழமை எண்ணெய் இல்லை, சாயரட்சை முடிந்தவுடனே கதவைச் சாத்திவிட்டேன். பாவம், ஒரு பொடியன் தினமும் இந்த விளக்கடியிலே இருந்துதான் எழுதுகிறவன். தாய் கூட்டிக்கொண்டு வந்து விடுவாள். முடியுமட்டும் வெளித்திண்ணையிலே இருப்பாள்.” யார் அப்பிள்ளை என்று யாம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு யாம் என்ன செய்தோம்? பிள்ளையார் சந்நிதியிலே நின்று மனமுருகிக் கண்ணீர் விட்டோம். வீட்டிலே சேமித்திருந்த மண்ணெண்ணெயிலே ஒரு போத்தலை எடுத்து, எமது பெயரைச் சொல்லாதபடி ஓர் அயலவர் கையிலே கொடுத்து, அவ்வீட்டுக்கு அனுப்பினோம். மனம் ஆறிற்று. தருமஞ் செய்தோம் என்னும் மகிழ்ச்சியும் சிறிதுண்டாயிற்று. ஆயின் அது தருமமன்று. எமது மனவமைதியை ஒரு போத்தல் எண்ணெய்க்கு யாம் வாங்கிக்கொண்ட வியாபாரம் என்பது பின்னரே விளங்கிற்று. வகுப்பின் முன்னே சொன்ன சொல்லை வகுப்பின் முன்னே எடுத்தோமல்லோம். “தம்பி, நான் பிழைவிட்டேன்” என்னும் மூன்று சொல்லை அவன் காதிலே தனியாகவேனும் சொன்னோமல்லோம்.

அவன் மறுபடி வீட்டுவேலையை ஒழுங்காகச் செய்தான். கொப்பியை மேசையிலே வைப்பான், திரும்பிப் போவான். அதன் பின்னர் அவன் எம்மிடத்திலே ஒரு வினாவேனும் கேட்டானில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று ஒரு தவணை கழிந்தது. இன்னொரு தவணையும் கழிந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தம் வீடுகளை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். யாமும் அத்திரளிலே நடந்தோம். அடுத்த ஆண்டு யாம் திரும்பி வந்து பார்த்தபொழுது அவன் வீடு திறந்து கிடந்தது. வன்னிக்குப் போயினர் என்றார் ஒருவர்; கடல் கடந்தனர் என்றார் மற்றொருவர். இன்றுவரை அவனை யாம் கண்டிலம். எமக்குப் பெருமங்கலம் எங்கே இருக்கின்றதென்று தெரியாமற் போயிற்று.

ஏன் சொன்னோமில்லை என்று பன்முறை ஆராய்ந்தோம். அப்பொழுது அதற்கு யாம் இட்டிருந்த பெயர் ‘ஆசிரியர் கௌரவம்’. பிள்ளையிடத்திலே மன்னிப்புக் கேட்டால் வகுப்புக் கையை விட்டுப் போய்விடுமென்று எண்ணினோம். புறவிருளானது பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டி நிற்கும். ஆணவவிருளோ பிறபொருளையுங் காட்டாது, தன்னையுங் காட்டாது என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிலே விளக்கிய உண்மை. அதனை யாம் பரீட்சைக்குப் படித்துத் தேறினவர். தேறியும், எம்முள்ளேயிருந்த ஆணவம் கௌரவம் என்னும் வேடம் பூண்டு நின்றதை அறிந்தோமில்லை.

வகுப்புக் கையை விட்டுப் போய்விடும் என்பது மெய்யா? இதற்கு யாம் கண்ணாற் கண்ட சாட்சி ஒன்றுண்டு. அது மிஷன் பாடசாலையிலே கண்டது. யாம் சிறுவயதிலே கல்வி கற்றது அத்தகைய பாடசாலை ஒன்றிலேயாம். அங்கே எமக்கு ஆங்கிலம் படிப்பித்த கிறிஸ்தவ ஆசிரியர் மிகவும் கண்டிப்புள்ளவர். ஒருநாள் ஒரு மாணவனைப் பொய்யன் என்று வகுப்பிலே வைதார். மறுநாட் காலையிலே வந்து, இடாப்பை விரிக்குமுன்னரே, அவனை எழுப்பி, “தம்பி, நேற்று நான் உன்னைப் பொய்யன் என்றேன். நீ சொன்னது மெய். என்னைப் பொறுத்துக்கொள்” என்றார். நாற்பது பேர் இருந்த வகுப்பு அது. எங்களில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். யாமும் சிரித்தவருள் ஒருவர். ஆயினும் அன்று முதல் அவ்வகுப்பிலே ஒழுங்கு சற்றுங் குறைந்ததில்லை. அவர் ஒருவனை வைதால், அவன் வையத்தக்கவனே என்று எல்லோரும் துணிந்தனர். அந்நம்பிக்கை எங்கிருந்து வந்ததென்பதை உணர எமக்கு இருபது வருடஞ் சென்றது.

கிறிஸ்தவர் ஒருவருடைய ஒழுக்கத்தைச் சைவாசிரியர்க்கு எடுத்துக் காட்டுதல் தகுமோ என்று சிலர் முகஞ்சுளித்தலும் கூடும். அவர்கள் நாவலரவர்களை நினைக்கக் கடவர். அவர் உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே படிப்பித்து, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். பின்னர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபொழுது, வகுப்பு முறை, பாடபுத்தகம், பிரசங்கம், அச்சு என்பவற்றின் பயனை எங்கே கண்டாரென்பது எல்லோரும் அறிந்ததே. நல்லது எங்கேயிருந்தாலும் கண்டு கொள்ளுதலிலே அவர் நாணினாரில்லை. அன்றியும், அக்கிறிஸ்தவ ஆசிரியர் செய்தது நம்முடைய பெரியபுராணத்துள்ளே முன்னமே இருக்கின்றது. நாம் அதனைப் பிரசங்கித்தோம், அவர் செய்தார்.

பிள்ளைகளோடு மாத்திரம் இது நின்றுவிடுவதன்று. ஒரே பாடசாலையிலே, ஒரே அறையிலே இருந்து, பத்தாண்டு பேசாதிருந்த ஆசிரியர் இருவரை யாம் அறிவோம். பிணக்கின் காரணம், பரிசளிப்பு விழாவிலே வரவேற்புரை கூறுவது யார் என்பது. இருவரும் நல்லவர், இருவரும் தீக்ஷை பெற்றவர். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே அருகருகே நின்று தேவாரம் ஓதுவர். ஓதி முடிந்தபின் ஒருவர் இந்த வாயிலாலும் மற்றவர் அந்த வாயிலாலும் போவர். ஒருவரிடத்திலிருந்து மற்றவர்க்கு வெண்கட்டி வேண்டுமாயின் ஒரு பிள்ளை தூது செல்லும். இத்தூதுக்கும் திருவாரூர்த் தூதுக்கும் எத்துணைத் தூரம்! அப்பிள்ளைகள் இருவரிடமும் சைவ சமய பாடத்திலே நல்ல புள்ளி பெற்றார்கள். அவர்கள் மெய்யாகக் கற்ற பாடம் எதுவென்பதை நாம் ஆராய்தல் நன்று. அவ்விருவருள் ஒருவர் இளைப்பாறிய தினத்திலே மற்றவர் மாலையோடு வந்தார். வந்தும், மாலையை மேசையிலே வைத்துவிட்டுப் போனார். அவரைக் குறைகூற எமக்கு என்ன தகுதி? யாம் எண்ணெய்ப் போத்தல் அனுப்பியவர்.

ஆனபடியால், பிழைவிட்டால் அன்றைக்கே, இயலாவிடின் மறுநாளே, யாரிடத்திற் பிழைத்தோமோ அவர் முன்னே சென்று, சொன்ன இடத்திலேயே அதனைச் சொல்லுவதென்று யாம் ஒரு நியமம் கொண்டோம். காரணங்காட்டுதல் கூடாது. “நீயும் அப்படிச் செய்தபடியாலேதான்” என்று ஒரு வார்த்தை சேர்த்தால், கேட்ட மன்னிப்பு முழுவதும் அவ்வார்த்தையாலே கெட்டுப்போம். அதற்குப் பதிலாக ஓர் இனாமும் கொடுத்தல் கூடாது. இந்நியமத்தை யாம் எப்பொழுதும் காத்தோமென்று சொல்லமாட்டோம். தவறிய நாட்களே பல.

சென்ற தவணையிலே இரண்டு பிள்ளைகளுடைய கட்டுரைகள் வரிக்குவரி ஒத்திருந்தன. பார்த்தெழுதினவள் இவளே என்று ஒரு பெண்பிள்ளையை யாம் வகுப்பிலே கடிந்தோம். மற்றப் பிள்ளை அன்று பின்னேரமே அழுதுகொண்டு வந்து, பார்த்தெழுதியது தான் என்றது. மறுநாள் யாம் வகுப்புக்குப் போனோம், பாடத்தைத் தொடங்கிவிட்டோம், நா எழவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகப் படிப்பித்த நா அது. மூன்றாம் நாள், இடாப்பை விரிக்குமுன்னர், அப்பிள்ளையை எழுப்பி, “பிள்ளை, நான் உன்னைச் சொன்னது பிழை. நீ பார்த்தெழுதவில்லை. பொறுத்துக்கொள்” என்றோம்.

வகுப்பு மௌனமாயிருந்தது. பின்வாங்கிலே யாரோ ஒருவன் மெல்லச் சிரித்தான். அப்பிள்ளை, “பரவாயில்லை, சேர்” என்று சொல்லி இருந்துவிட்டது. இருந்து, கொப்பியைத் திறந்து சற்றுநேரம் பார்த்துவிட்டு, மறுபடி எழுந்து, “சேர், நேற்றுத் தந்த மூன்றாவது வினாவுக்கு எத்தனை வரி எழுதவேண்டும்?” என்று கேட்டது.