யார் தந்த உயர்வு?

அரசனின் மகள், அரசனின் தமக்கை, அரசனின் துணைவி, அரசனின் தாய். ஒரே பெண்ணுக்கு இத்தனை பெருமைகள்! ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழ்ந்து, 2021 ஏப்ரல் 29 ஆம் நாள் மறைந்த மன்ட்போம்பி டிலாமினி அம்மையாரைக் குறித்தே பேசுகிறோம். கேட்போர் வியப்பர். நாமோ அப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கிறோம். நான்கு பெருமைகள், நான்கிலும் முன்னே நிற்பவன் ஓர் ஆண்! அந்த நால்வரையும் விலக்கிவிட்டால், அம்மையாருக்கென்று எஞ்சுவது யாது? இதுவே நம் வினா.

சுவாசி மன்னர் இரண்டாம் சோபுசாவின் மகளாக 1956 இல் பிறந்தவர் அவர். 1977 இல் சுலு மன்னர் குட்வில் சுவெலிதினியை மணந்தார். மன்னருக்கு அவர் மூன்றாம் மனைவி. ஆயினும் பட்டத்தரசி என்னும் நிலை அவருக்கே வாய்த்தது. காரணம் அறிவா, ஆற்றலா, தொண்டா? இல்லை, அரசன் வீட்டில் பிறந்தார் என்பதே காரணம். பட்டத்தரசியின் மகனுக்கே பட்டம் என்பது மரபு. அப்பட்டம் வெறும் அணிகலன் அன்று. 1994 இல் அமைந்த அறக்கட்டளையின் வழி, ஏறத்தாழ 28 இலட்சம் எக்டேர் நிலத்துக்குச் சுலு மன்னரே அறங்காவலர்.

பிறப்பு ஒருத்தியை மேலே ஏற்றினால், மற்றொருத்தி கீழே நிற்க வேண்டியவளாகிறாள். சுவெலிதினி முடிசூடுமுன்னரே, 1969 இல், நாட்டின் பொதுச் சட்டப்படி அவரை மணந்தவர் சிபொங்கிலே அம்மையார். அவருக்குப் பின் ஐவர் மனைவியராக வந்தனர். 2021 மார்ச்சில் மன்னர் மறைந்தபின், தம் திருமணமே சட்டப்படி செல்லும், சொத்தில் பாதி தமக்குரியது என்று வழக்காடினார் அவர். 2022 மார்ச்சில் பீட்டர்மாரிட்சுபர்க் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. அறத்தின் கேள்வியோ அப்படியே நிற்கிறது. ஒருவன் பலரை மணக்கலாம். அவர்களுள் யார் உயர்ந்தவர் என்பதைப் பிறப்பு வரையறுக்கலாம். அவன் கண்மூடியதும் அவர்தம் பிள்ளைகள் வழக்குமன்றத்தில் எதிரெதிரே நிற்கலாம். இந்த ஏற்பாட்டில் எந்தப் பெண்ணுக்கு வாழ்வு உண்டு? தோற்றவருக்கும் இல்லை, வென்றதாகச் சொல்லப்பட்டவருக்கும் இல்லை.

மன்னரின் உயில், மன்ட்போம்பி அம்மையாரை இடைக்காலப் பொறுப்பாளராக்கியது. மார்ச் 24 இல் அறிவிப்பு. ஏப்ரல் 29 இல் மரணம். அறுபத்து நான்கு ஆண்டு வாழ்வில் அவர் தம் பெயரால் அதிகாரம் தாங்கியது ஐந்தே வாரம்! அவரும் ஓர் உயில் விட்டுச் சென்றார். அதில் அடுத்த மன்னராக மகன் மிசுசுலுவைச் சுட்டியிருந்தார். 2022 இல் அம்மகன் அரியணை ஏறினார். அம்மையாரை நாம் குறை கூறவில்லை. தமக்குத் திறந்திருந்த ஒரே வாயிலின் வழியே அவர் நடந்தார். ஏன் ஒரே வாயில் வைத்தீர்கள் என்று அதைக் கட்டியவர்களையே கேட்கிறோம்.

"பெண்ணால் ஆள முடியுமா? அதனாலன்றோ அப்படி வகுத்தனர்" என்பார் உண்டு. அவர்களுக்கு அம்மையாரின் குலத்திலேயே விடை இருக்கிறது. அவருடைய கொள்ளுப்பாட்டி லபோட்சிபேனி. 1899 இல் மகன் இறக்க, பேரன் கைக்குழந்தையாய் இருக்க, 1921 வரை சுவாசி மக்களை வழிநடத்தியவர் அந்த முதியவர். 1907 இல் வெள்ளை ஆட்சி நிலத்தைக் கூறுபோட்டு, மூன்றில் இரு பங்கைப் பறித்தது. அவர் அழுதுகொண்டு அமர்ந்தாரில்லை. நிதி திரட்டச் செய்தார். இழந்த நிலத்தை விலைகொடுத்து மீட்க வழி கண்டார். பேரனைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் பேரனே சோபுசா. ஆற்றல் இருந்தது, இருக்கைதான் அவருக்கென்று இல்லை. பேரன் வளர்ந்ததும் எழுந்து நிற்க வேண்டியவர் அவரே!

"மரபை மாற்றலாமா?" என்பது இறுதிக் கேடயம். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாநிலத்தில் வலோயி என்னும் மக்கள் உள்ளனர். 1968 இல் அவர்தம் தலைவர் ஆண்மக்களின்றி இறந்தார். பெண் என்பதால் மகள் பிலியா விலக்கப்பட, தலைவரின் தம்பிக்குப் பதவி சென்றது. பின்னர் அம்மக்களே கூடி, அந்த உரிமையை மகளுக்கு மீட்டளிக்க முடிவு செய்தனர். வழக்கு எழுந்தது. தம் மரபைக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் உரிமை அம்மக்களுக்கு உண்டென்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. மரபு மலையன்று, பெயர்க்க முடியாதென்று மலைப்பதற்கு. மனிதர் வகுத்தது, மனிதர் திருத்தலாம்.

தலைமை எதற்கு, அதுவும் வழிவழியாக எதற்கு என்று கேட்கும் நாளும் வரும்; வரவேண்டும். அதுவரையிலேனும், ஒரு பெண்ணைப் போற்றும்போது அவள் யாருடைய மகள், யாருடைய தாய் என்று கேட்பதை நிறுத்துவோம். அவள் என்ன செய்தாள் என்று கேட்போம். செய்ய இடம் கொடுத்தோமா என்று நம்மையும் கேட்போம்.