ஒருவர் பட்ட கடன், இருவர் இடும் கையெழுத்து



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, இளந்தம்பதியர் ஒருவர் எம்மருகே வந்து வீடு வாங்குவது பற்றிக் கேட்டனர். கணக்காளர் என்று தெரிந்துவிட்டால் கோயிலிலும் விடமாட்டார்கள். இருவரில் ஒருவருடைய கிறெடிற் பழுதாக இருந்தால் இருவர் பெயரிலும் மோட்கேஜ் எடுக்கலாமா என்பதே கேள்வி. எடுக்கலாம், ஆனால் வட்டி கூடும், முற்பணம் கூடக் கேட்பார்கள், சில வங்கிகள் கதவையே சாத்திவிடும் என்று சொல்லி அனுப்பினோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது புலப்பட்டது. ஒருவருடைய கடந்தகாலத்தை அவரைக் கைப்பிடித்தவர் எவ்வளவு தூரம் சுமக்கலாம்? சுமக்கப் போகிறவருக்கு அதைச் சொல்லாமல் விட எவருக்காவது உரிமை உண்டா?

இதை ஊரார் கதையாக எழுதி நாம் தப்பிவிடலாம். ஆனால் இது எம் சொந்தக் கதை. (செய்திமடல் வழக்கப்படி ‘நாம்’ என்றே எழுதுகிறோம். தவறு செய்தது ஒரே ஒருவர்தான்.)

நாம் 2006இல் இலண்டன் வந்து சேர்ந்தோம். 2008இல் அகதி அந்தஸ்துக் கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலையும் பகலில் கணக்கியல் படிப்புமாக இருந்தோம். 2009 வைகாசியில் போர் முடிந்தபோது எமது அக்காவும் பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமில் இருந்தார்கள். அவர்களை வெளியே எடுக்கவும், பின்னர் தலை சாய்க்க ஓரிடம் பிடிக்கவும் காசு வேண்டியிருந்தது. இரண்டு கிறெடிற் காட்டுகளிலும் ஒரு வங்கிக் கடனிலுமாக 6,200 பவுண் எடுத்து அனுப்பினோம். அதே ஆண்டு வேலை நேரத்தைக் குறைத்தார்கள். தவணைகள் தவறின. 2010 மாசியில் கடன் தவறியவர் என்று பதிவாயிற்று. 2014க்குள் கடைசிச் சதம் வரை கட்டி முடித்தோம்.

இடையில் 2013இல் திருமணம் நடந்தது. பெண் வீட்டார் சாதகம் பார்த்தார்கள், விசாவைப் பார்த்தார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்தார்கள். கடன் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நாமும் இருந்துவிட்டோம்.

2015இல் மோட்கேஜ் ஆலோசகர் ஒருவரிடம் இருவருமாகப் போனோம். அவர் கணினியைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், பிறகு எம் துணைவியாரைப் பார்த்து, “உங்கள் கணவரின் கோப்பில் ஒரு பழைய தவறுகை இருக்கிறது” என்றார். அவர் தம் கடமையைச் செய்தார். துணைவியார் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. பஸ் தரிப்பிடத்தில் வைத்துத்தான் கேட்டார்: “அக்காவுக்கு அனுப்பினதெண்டு சொல்லியிருந்தா, நான் வேண்டாமெண்டா சொல்லியிருப்பன்? ரெண்டு வருஷம் ஒரு வீட்டில இருந்திட்டு, ஆரோ ஒரு ஆள் சொல்லித்தானே நான் அறிய வேண்டிக் கிடக்கு.”

அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. ஒரு நியாயம் மட்டும் இருந்தது. நல்ல காரியத்துக்காகப் பட்ட கடன் என்ற நியாயம்.

அந்த நியாயத்தை இத்தனை ஆண்டுகளில் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டோம். கடன் கோப்பு, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதும். ஏன் நடந்தது என்பதை எழுதாது. சூதாடித் தோற்றவருக்கும் முகாமிலிருந்த சகோதரிக்கு அனுப்பியவருக்கும் அதில் ஒரே அடையாளம்தான். இது அநியாயம் என்று எமக்குத் தோன்றிய காலம் உண்டு. இந்நாட்டுச் சட்டப்படி 200 சொற்களுக்கு மேற்படாத ஒரு விளக்கக் குறிப்பைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நாமும் எழுத உட்கார்ந்தோம். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. காசு தந்த வங்கிக்கு நாம் கொடுத்த வாக்கு உடைந்தது உண்மை. அக்காவுக்குச் செய்த கடமையும் உண்மை. ஒன்று மற்றதை அழிக்காது. அந்தக் குறிப்பை வங்கிக்கு எழுதுவதற்கு முன்னர் மனைவிக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெளிந்தது.

இங்கே எம்மவர் பலர் அறியாத ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் திருமணம் செய்வதாலோ ஒரே முகவரியில் வாழ்வதாலோ இருவருடைய கோப்புகளும் இணைக்கப்படுவதில்லை. சேர்ந்து கணக்குத் திறந்தால், சேர்ந்து கடன் எடுத்தால் இணைந்துவிடும். நாம் 2013இல் ஆசையோடு திறந்த கூட்டுக் கணக்கு, எம் பழுதை அவருடைய கோப்போடும் தொடுத்துவிட்டிருந்தது. அவர் தனியே விண்ணப்பித்தாலும் வங்கி எம்மையும் எட்டிப் பார்க்கும். வரதட்சணை வாங்க மாட்டோம் என்று பெருமை பேசியவர்கள் நாம். கேட்காமலே ஒரு சுமையை அவர் தலையில் வைத்திருந்தோம்.

யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்று எழுதுவித்தார்கள். அதிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூவகைப்படும். தேடியதேட்டம் என்பது கணவனும் மனைவியும் மணவாழ்வில் தேடிய சொத்து. அழகான சொல். வீடு வாங்கும்போது எல்லோரும் அந்தச் சொல்லையே நினைக்கிறோம். ஆனால் மோட்கேஜ் பத்திரத்தில் முதலில் வருவது தேட்டமல்ல, கடன். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். பாதிக்குப் பாதி என்பது அதன் பொருளல்ல. ஒருவர் கட்டாவிட்டால், பிரிந்து போனாலும்கூட, மற்றவர் முழுவதையும் கட்ட வேண்டும் என்பதே பொருள்.

கணவனின் கடனுக்கு மனைவி பிணை நிற்பதானால், கணவன் இல்லாத இடத்தில் ஒரு சட்டத்தரணி அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்ற நெறியைப் பிரபுக்கள் சபை 2001இல் எற்றிட்ஜ் வழக்கில் வகுத்தது. ஆனால் இருவரும் சேர்ந்து இருவர் நன்மைக்காகவும் கடன் எடுக்கும்போது அந்தப் பாதுகாப்பு பொதுவாக வராது. இருவருக்கும் எல்லாம் தெரியும் என்று சட்டம் நம்பிக்கொள்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியானவர்களா என்பதை அவரவர் வீட்டில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. தொழிலில் நாம் கண்ட ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். கணவரின் கடைக்காக மனைவி பெயரில் காட் எடுத்தார்கள். கடை படுத்தது, மனைவியின் கிறெடிற்றும் படுத்தது. பின்னர் வீடு வாங்கும் வேளையில், “உம்முடைய பெயர் பழுது, என்ர பெயரில மட்டும் எடுப்பம்” என்றார் கணவர். வங்கி சாதாரணமாகக் கடனாளியின் பெயரிலேயே உறுதியையும் எதிர்பார்க்கும். அந்த வீட்டில் வாழப்போகும் மற்றவரிடம், வங்கிக்கு எதிராக உரிமை கோரமாட்டேன் என்றும் கையெழுத்து வாங்கும். அந்த அம்மையார் அதிலும் ஒப்பமிட்டார். கணவருக்காகக் கெட்ட பெயர், கணவராலேயே வீட்டுக்கு வெளியே நிறுத்தியது. சட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. கணக்கை நாமே சரிபார்த்தோம், அதுவும் சரியாகவே இருந்தது. அன்றிரவு எமக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கட்டும் பங்கை எழுத்தில் வையுங்கள், அவர் தனியே ஒரு சட்டத்தரணியைக் காணட்டும் என்று அந்த மேசையிலேயே சொல்லியிருக்கலாம். தொழிலுக்கு அப்பாற்பட்டது என்று வாயை மூடிக்கொண்டோம்.

எம் கதைக்கு வருவோம். அந்நாளில் எமக்கு உதவ வந்த நண்பர்கள், பழைய முகவரியை விண்ணப்பத்தில் விட்டுவிடுங்கள், கோப்பு அகப்படாது என்றார்கள். அது பொய். 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ்க் குற்றமும்கூட. அதைவிட, அந்தப் பொய்யின் அடியில் துணைவியாரின் கையெழுத்தும் இருக்கும். ஒருமுறை மறைத்தது போதாதென்று, அவரையும் மறைப்பவராக்குவதா? அதிக வட்டிக்குத் தரும் இடத்துக்குப் போகவும் மனம் வரவில்லை.

தவறுகை பதிவான நாளிலிருந்து 6 ஆண்டில் கோப்பை விட்டு நீங்கும், கடனைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும். “வீடு ஒரு வருஷம் பிந்தட்டும்” என்று தீர்மானித்தவர் துணைவியார்தான். தீர்மானிக்கும் உரிமை அவருக்கே என்று விட்டோம். அந்த ஒரு வருடத்தில் விலை ஏறியது. அதற்காக அவர் எம்மை ஒருநாளும் குத்திப் பேசியதில்லை என்று எழுத ஆசை. இரண்டு மூன்று தடவை பேசினார்.

2016இல் இருவர் பெயரிலும் வாங்கினோம். அக்காலத்தில் கோப்பின் பிரதி ஒன்றுக்கு 2 பவுண் அறவிட்டார்கள், 2018இலிருந்து இலவசம். ஆண்டுக்கொருமுறை எம்முடையதையும் அவருடையதையும் எடுத்து, தேநீர் ஆற முன்னர் இருவரும் மாற்றி வாசிப்போம். திருமணத்துக்கு முன்னரே இதைக் கேட்க வேண்டுமா என்று சிலர் வினவுவர். சாதகத்தோடு கடன் கோப்பும் பொருத்தம் பார்க்கும் நாள் வருவதை நாம் விரும்பவில்லை. எம்மவர் அதையும் பேரம் பேசும் தராசாக்கிவிடுவர். ஆனால் கூட்டுக் கணக்குத் திறக்கும் படிவத்தில் பேனை படுவதற்கு முதல்நாளாவது சொல்லிவிட வேண்டும்.

போன கிழமை அக்காவின் கடைசி மகன் தொலைபேசியில் அழைத்தான். முகாமில் கைக்குழந்தையாக இருந்தவன், இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அறை வாடகைக்குப் பிணை நிற்க வேண்டுமாம். “மாமா, சும்மா ஒரு கையெழுத்துத்தான்” என்றான். பத்திரம் எட்டுப் பக்கம். அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் துணைவியாரின் பக்கமாக வைத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.